தவக்காலத்துப் பாக்கெட்

சலவைக்கூடத்தில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். ஹோட்டல் விருந்தாளிகளின் உடுப்பு அத்தனையும் மெஷினுக்குள் போகும் முன் அவள் மேசைக்கு வந்தாக வேண்டும். யாரோ பாக்கெட்டில் மறந்த பேனா ஒன்று உள்ளே போனால் போதும், கூடவே சுற்றும் துணி மொத்தமும் பாழ். சும்மா சொல்லக்கூடாது, துணியைத் தொட்டதுமே உள்ளே இருப்பது சீப்பா சாவியா என்று சொல்லிவிடுவாள்.

வந்த வினை என்னவென்றால், அந்தக் கை வீட்டுக்கு வந்தும் அடங்குவதில்லை. பஸ் ஓட்டிவிட்டு வரும் புருஷன் பேண்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் அவள் கை பாக்கெட்டுக்குள் போய்விடும். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். அவள் அப்பா வேறொருத்தியோடு போனவர். அது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. தனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயம் அவளை விட்டதே இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியபோது, கோவிலில் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொன்னாள்.

"கறியை விடுறதெல்லாம் இருக்கட்டும்மா. ஈஸ்டர் வரைக்கும் அந்தப் பாக்கெட்டை விட்டுடு. பயம் வந்தா ஜெபம் பண்ணு. இப்படி விட்டிருக்கேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிக்காதே" என்றார் ஃபாதர்.

பூ, இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு வந்தாள். புருஷன் துணியை அவரே துவைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

உடனே வந்தது சோதனை. புதன்கிழமை தோறும் மனுஷன் தாமதமாக வந்தார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் போனில் குசுகுசுத்தார். சாப்பாட்டில் நாட்டமில்லை, முகம் பார்த்துப் பேச்சில்லை. ஒருநாள் போன் அடித்ததும் அவளை முந்திக்கொண்டு பாய்ந்து எடுத்தார். ஆனாலும் ஒரு பெண்குரல் காதில் விழுந்துவிட்டது. "புதன்கிழமை மறக்காம வந்துடுங்க." தேன் ஒழுகியது அந்தக் குரலில்.

சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அக்காவிடம் சொல்லி அழுதாள்.

"கைய விட்டுப் பாருடி. ஆதாரம் இல்லாம என்னத்தப் பேசுவே? தப்புன்னா அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்க. சாமி என்ன, பாக்கெட்டையே பாத்துக்கிட்டா உக்காந்திருக்காரு?"

நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயங்காலம் அவர் குளிக்கப் போனார். ஆணியில் தொங்கிய பேண்ட்டில் பாக்கெட் புடைத்துக்கொண்டு நின்றது. இத்தனை நாள் இல்லாமல் இப்படி வெளியே தெரிய வைப்பானேன்? அவளுக்கே தெரியாமல் கை பாதி தூரம் போய்விட்டது. வெடுக்கென்று இழுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். ஆண்டவரே, அவர் என்னை ஏமாற்றினாலும் உமக்குக் கொடுத்த வார்த்தையை நான் மீறக்கூடாது, பயமாயிருக்கிறது, பிடித்துக்கொள்ளும் என்று வேண்டினாள். பயம் போகவில்லை. கை மட்டும் இடுக்கியபடியே இருந்தது.

கதவு திறந்தது. அவர் பேண்ட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இன்னிக்கும் பாக்கலையா?"

"எதை?"

"பாக்கெட்டை. தினமும் உள்ள வச்சிட்டுத்தான் குளிக்கப் போறேன். இன்னிக்கு வெளியவே தெரியுற மாதிரி வச்சேன்."

"யாரு அவ?" என்றாள். கேட்டே விட்டாள்.

அவருக்குப் புரியவில்லை. தானே பாக்கெட்டில் கையை விட்டு மாத்திரை அட்டைகளை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நெஞ்சுல அடைப்பாம். புதன்கிழமை ஆஸ்பத்திரிதான் போறேன். நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. நர்ஸு போன் மேல போன் போடுது. நான் இன்னும் சரின்னு சொல்லல."

"ஏங்க, வாயில்லையா உங்களுக்கு?"

"சொல்ல வரலம்மா. உன் கை எப்படியும் கண்டுபிடிச்சிடும்னு இருந்தேன். நீ தேடவே இல்ல. என்மேல அக்கறையே விட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

அவள் மாத்திரை அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் எவளோ ஒருத்தியை நினைத்துப் பயந்தது எவ்வளவு சின்னப் பயம். ஆண்டவரே, இது ஒரு பொம்பளையாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அவள் மனசு கேட்டது. அப்படிக் கேட்டதற்கும் ஒருநாள் ஃபாதர் முன்னால் மண்டியிட வேண்டியிருக்கும்.

அவர் சட்டையை எடுத்து நீட்டினாள்.

"போடுங்க. இப்பவே போய் சரின்னு சொல்லிட்டு வந்துடலாம்."

"உனக்குப் பயமா இல்ல?"

"பயத்துல உயிரே போகுது. ஜெபம் சொல்லிக்கிட்டே போலாம், கிளம்புங்க."