இடது தோள்

மூன்றாவது அறைக்குள் நுழைந்ததும் போட்டோ ஸ்டுடியோக்காரர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஒரே ஓவியரின் படங்களை வைத்திருந்த அந்த மியூசியத்தில் படங்களுக்கென்று ஒரு விளக்குகூடக் கிடையாது. கூரையில் பதித்த கண்ணாடி வழியாக இறங்கும் பகல் வெளிச்சம்தான் எல்லாம். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து ஒற்றைக்காலில் நின்று, இன்று கடையைப் பூட்டிவிட்டு மனைவியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். வந்த நேரம் பார்த்து வானம் மூடிக்கொண்டது. எதிர்ச் சுவரில், ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை. மேகம் விலகினால் நன்றாகத் தெரியும், கொஞ்சம் பொறுங்கள் என்றார் காவலாளி.

மனைவிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வாசல் பலகையில் ஓவியரின் பெயரைப் படித்ததிலிருந்தே இப்படித்தான். கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் அந்த ஓவியர் வீட்டு ஜன்னலோரம், அவர் படம் வரைய, சம்பளத்துக்கு உட்கார்ந்தவள் அவள். தப்பு ஒன்றுமில்லை. ஓவியரின் மனைவி பக்கத்திலேயே காய் நறுக்கிக்கொண்டு இருப்பாள். ஆனாலும் பெண் பார்க்க வந்தபோது, அதெல்லாம் இப்போது எதற்கு என்று அம்மா வாயை அடைத்துவிட்டாள். பிற்பாடு சொல்லியிருக்கலாம். எங்கே சொல்வது? போட்டோ எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் மனிதருக்கு ஒரே பெருமை: "இவள மொதமொதல்ல உக்காரவச்சுப் பாத்தவனே நான்தான்." அந்தப் பெருமையில் மண்ணைப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

தினமும் கடை திறந்ததும் விளக்குகளைச் சரிபார்க்க அவளைத்தான் முக்காலியில் உட்கார வைப்பார். அவளுக்குப் பிறவியிலேயே இடது தோள் சற்று இறக்கம். தூக்கு என்பார், தூக்குவாள். மனசு அடுப்பில் வைத்த பாலில் இருந்தாலும் தோள் சொன்னதைக் கேட்கும்.

"அடுத்த ரூமுக்குப் போலாங்க."

"இரு. இதுக்குத்தான வந்தோம்."

அவள் கதவு வரை போனாள், திரும்பி வந்தாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். மேகம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். படம் காட்டிக்கொடுப்பதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று பட்டது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"வருது பாரு" என்றார் அவர்.

சுவரின் மேல் விளிம்பைத் தொட்ட வெளிச்சம் மெல்ல இறங்கிப் படம் முழுவதும் பரவியது. அந்த ஜன்னல், அந்த நாற்காலி, அவளுடைய பழைய நீலச் சட்டை. முகம் மட்டும் அவளுடையதில்லை. நீள மூக்கும் மெல்லிய உதடுமாக வேறொருத்தி. ஓவியரின் மனைவியேதான்.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. கால் மரத்துப்போக அத்தனை மாதம் உட்கார்ந்தது இவள், முகம் இன்னொருத்தியுடையதா? அழுகைகூட வரும்போலிருந்தது. போகட்டும், தப்பித்தோம், இனி இந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். என்ன சொல்ல வந்தாய் என்று அவர் கேட்டதற்கு, ஒன்றுமில்லை, கால் வலிக்கிறது என்றாள்.

அவர் படத்துக்கு முன்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பின்வாங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றார். வெளிச்சம் பிரமாதம் என்றார். பிறகு, கடையில் கேமராவுக்குப் பின்னால் நின்று சொல்லும் அதே குரலில், படத்திலிருந்தவளின் இறங்கிய தோளைப் பார்த்து, தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

"இடது தோள கொஞ்சம் தூக்கு."

அவளுடைய தோள் தூக்கிக்கொண்டது.

அவர் திரும்பினார். கூரையில் வெளிச்சம் மறுபடி மங்கத் தொடங்கியிருந்தது. தூக்கிய தோளை இறக்கத் தோன்றாமல் அவள் நின்றாள். காலையில் முக்காலியில் உட்கார வைத்துப் பார்ப்பதுபோல அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.