ஒருவர் மட்டுமே கதைக்கலாம்

பரீனாவை ஒலிவாங்கிக்கு முன்னாலிருந்து எழுப்பியது நான். அப்படிச் செய்யும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை.

1982 பெப்ரவரி. கல்முனையில், எங்கள் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. மனிதனை விண்ணுக்கு அனுப்பிய முதல் வருடங்களின் கட்டுப்பாட்டு அறையை ஒரு வகுப்பறைக்குள் அமைத்தோம். எண்ணம் பரீனாவுடையது. இரண்டு வருடமாக எங்களோடு சம்பளமில்லாமல் படிப்பித்த தொண்டர் ஆசிரியர் அவர். பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றை அகராதியோடு இருந்து தமிழாக்கி, 1962இல் பூமியை மூன்று முறை சுற்றிய பயணத்தை அரைமணி நேர நாடகமாக எழுதியிருந்தார்.

மூன்று வரிசை மேசைகள். சுவரில் உலகப்படம். அந்தக் காலத்து அறையிலும் படத்தின் மேல் ஒரு சின்னக் கலம்தான் கம்பியில் நகர்ந்ததாம். நாங்கள் பால்மா டின்னை வெட்டிக் கலம் செய்தோம். மீன்பிடிக்கிற தங்கூசி நூலில் அதைக் கட்டி, பலகைக்குப் பின்னால் ஒருவர் நின்று இழுக்க ஏற்பாடு. சன்சிபாரைத் தாண்டி இந்து சமுத்திரத்துக்கு வரும்போது கலம் எங்கள் தீவுக்குத் தெற்கே கடலைக் கடக்கும். பிள்ளைகள் அந்த இடத்தில் கைதட்டினார்கள்.

அறைக்கு ஒரு விதி இருந்தது. மேசைக்கு மேசை ஆட்கள் எதைக் கண்டாலும், மேலே இருப்பவரோடு ஒருவர் மட்டுமே கதைக்கலாம். அந்தக் குரல் பரீனாவுடையது.

இரண்டாவது சுற்றில், கலத்தின் வெப்பக் கவசம் கழன்றுவிட்டதாக ஒரு சமிக்ஞை காட்டும். கீழே இருப்பவர்கள் அதை மேலே உள்ளவருக்கு வெளிப்படையாகச் சொல்லாமல், ஒரு சுவிட்சைச் சரிபார்க்கச் சொல்லிச் சமாளிப்பார்கள். கடைசியில் சமிக்ஞைதான் பிழை. ஒத்திகையில் பரீனா அந்த இடத்தில் நின்றார்.

"அவருக்குச் சொல்லாம வெச்சது சரியா சேர்?"

"சொன்னா மனிசன் பயந்திருவாரே."

"எரியப்போறது அவர்ர உடம்பு. பயப்பிடுறதும் அவர்ர பாடு."

நான் சிரித்தேன்.

வட்டாரக் கல்வி அதிகாரி அழகரெத்தினம் பார்வையிட வருவதாக இருந்தது. நிரந்தர நியமனத்துக்கு எங்கள் பாடசாலையிலிருந்து ஒரு தொண்டர் ஆசிரியரின் பெயரை அவர் சிபாரிசு செய்யலாம். பரீனாவைக் கவனிக்கும்படி அதிபர் அவரிடம் சொல்லி வைத்திருந்தார். எனக்கும் அது தெரியும்.

கண்காட்சியன்று காலை, பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மாருக்கும் முன்வரிசையில் கதிரை போட்டிருப்பதைக் கண்டேன். ஒரு பெண்ணின் குரல் ஒலிபெருக்கியில் தெருவுக்குக் கேட்கும். அவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா என்று இன்றுவரை நிச்சயமில்லை. அந்த ஒலிவாங்கி எனக்கும் பிடித்திருந்தது.

"நீங்க நூலைப் பாருங்க. கதைக்கிறத்த நான் பாக்கிறன்."

பரீனா எழுதிய கொப்பியை மடியில் வைத்தபடி இருந்தார்.

"மரைக்கார் வேணாமெண்டு சொன்னவரா?"

"ஓம்."

"ஆர், கச்சிமுகம்மது மரைக்காரா?"

"ஓம்."

கொப்பியை என்னிடம் தந்துவிட்டுப் பலகைக்குப் பின்னால் போனார்.

கலம் ஓரிடத்திலும் சிக்கவில்லை. முடிந்ததும் அதிகாரி என் கையைக் குலுக்கினார்.

"நல்லாச் செஞ்சிரிக்கிறீங்க. ஆர் எழுதினது?"

"எல்லாருமாச் சேர்ந்துதான் சேர்."

அவர் தலையாட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். பலகைக்குப் பின்னால் இருப்பவருக்கு அது கேட்டிருக்கும்.

வாசலில் கச்சிமுகம்மது மரைக்கார் தேநீரோடு நின்றார்.

"என்ன காலிதீன் சேர், நேத்து வெள்ளாமை வெட்டப் போகக்கொள்ள ஒரு புள்ளட குரல் கேட்டிச்சி. சைக்கிளையும் புடிச்சிக்கிட்டு மதிலோட நிண்டுட்டன். இண்டைக்கி நீங்க கத்துறீங்க. உங்கட குரலக் கேட்டா மேல போனவன் இறங்கி வருவானா?"

"அவவுக்குத் தொண்டை சரியில்ல மரைக்கார்."

"பாவம். தேன் குடிக்கச் சொல்லுங்க."

திரும்பிப் போய் இதைப் பரீனாவிடம் சொல்லியிருக்கலாம். அதிகாரி அப்போதும் பாடசாலைக்குள்தான் இருந்தார். நான் கதிரைகளை அடுக்கப் போனேன்.

ஏப்ரலில் பட்டியல் வந்தது. வேறொரு பாடசாலையின் தொண்டர் ஆசிரியருடைய பெயர் இருந்தது. பரீனா அந்தத் தவணையோடு நின்றுவிட்டார். கொப்பியைத் திருப்பிக் கேட்கவில்லை.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தோம். மரைக்கார், பரீனாவின் வாப்பா முகம்மது தம்பிக்கு ஸலாம் சொன்னார். முகம்மது தம்பி குனிந்து செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது.

மரைக்கார் என் பக்கம் திரும்பினார்.

"இந்த மனிசனுக்கு நான் என்ன செஞ்சன் சேர்? நாலு ஜும்ஆவா ஸலாத்துக்குப் பதில் இல்ல. ரெண்டு பேரும் ஒரே வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சிற ஆக்கள்."

"தெரியா மரைக்கார்."

"ஒருக்காக் கேட்டுப் பாருங்களன். உங்கள்ல அவருக்கு நல்ல மதிப்பு."

"கேக்கிறன்."

முகம்மது தம்பி தெருவோரம் எனக்காக நின்றார். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"மகள் எல்லாம் சொன்னவ. நீங்க உங்களால ஏலுமானதச் செஞ்சீங்க. பெரியாக்கள் குறுக்க நிண்டா நீங்க என்ன செய்யிற?"

மரைக்கார் பத்தடி தள்ளிச் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். கூப்பிட்டால் திரும்பியிருப்பார்.

"அடுத்த வருசமாவது அவவுக்குக் கிடைக்கட்டும் சேர்" என்றார் முகம்மது தம்பி.

"இன்ஷா அல்லாஹ்" என்றேன்.