எட்டாவது கறுப்புக் கம்பி

நாத்தனாருக்கு அண்ணியைப் பிடிக்கும் என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த நாத்தனாருக்கு அண்ணியைப் பிடிக்கும். பிடிக்கும் என்பதோடு நிற்காமல், அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு படகுப் பட்டறை முழுக்க ஆடினாள். அதனால்தான் அன்று மதியம் பரிசோதகர் படகில் ஏறியதும் அவளும் பின்னாலேயே ஏறி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தொழில் பல்செட் செய்வது. பதினோரு வருஷமாக அடுத்தவர் வாய்க்கு அச்செடுத்துக்கொண்டிருந்தவள், திடீரென்று ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினாள். சின்னப் படகுதான், உள்ளே நிமிர்ந்தால் உச்சந்தலை இடிக்கும். அதில் கரையோரமாகப் போய்வர நாற்பது நாள் லீவு கேட்டாள். முதலாளி என்ன ஞாபகத்தில் இருந்தாரோ, சரி என்றுவிட்டார். லீவு மறுநாள் தொடங்குகிறது. மறுநாள் காலையில் கிரேன் வந்து படகைத் தூக்கித் தண்ணீரில் வைக்கும். அதற்கு முன்னால் மின்வேலை சரியாக இருக்கிறது என்று பரிசோதகர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு படகுக்கு வருஷத்தில் ஒரே பரிசோதனை. தேறாவிட்டால் அடுத்த வருஷம்வரை படகு முட்டுக்கட்டை மேலேயே உட்கார்ந்திருக்கும், லீவும் போச்சு.

படகின் பழைய வயரிங் கண்கொண்டு பார்க்க முடியாத லட்சணத்தில் இருந்தது. பட்டறை எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு என்று அண்ணன் சொன்னான். இவள் அண்ணியைக் கூப்பிட்டாள். அண்ணி பதினாறு வருஷமாக லாரிகளுக்கு வயரிங் செய்கிறவள். பட்டறைக்காரர்கள் இரண்டாம் நாளே 'லாரிக்காரி' என்று பேர் வைத்துவிட்டார்கள். லாரி நின்றுபோனால் இறங்கித் தள்ளலாம், நடுக்கடலில் யார் இறங்கித் தள்ளுவது என்று ஒருவர் கேட்டார். எங்கள் அண்ணி வயரிங் செய்த லாரி எதையும் இதுவரை யாரும் தள்ளியதில்லை என்று நாத்தனார் அவர் வாயை அடைத்தாள். அண்ணி பாட்டுக்குப் பழைய வயரிங்கைக் குடைந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேச்சு எப்போதும் கைவேலைக்கு அப்புறம்தான்.

ஆனால் வேலை வேறு என்பது அண்ணிக்கும் தெரியும். லாரிக்கு இரும்பு உடம்பு. விளக்குக்கு ஒரு கம்பி கொடுத்தால் போதும், கரண்ட் திரும்பிப்போக லாரியின் உடம்பே வழி. பக்கத்தில் எந்த இரும்பு இருக்கிறதோ அதில் கறுப்புக் கம்பியை முடுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். படகு அப்படியில்லை. அதன் உடம்பு ஃபைபர். ஒவ்வொரு கருவியிலிருந்தும் தனியாக ஒரு கறுப்புக் கம்பி வந்து, எல்லாம் ஒரே செப்புப் பட்டையில் சேர வேண்டும். அந்தப் பட்டையிலிருந்து ஒரே ஒரு தடித்த கம்பி என்ஜினுக்குப் போகும், அதுதான் எர்த். வேறு எங்கேயாவது உலோகத்தில் கறுப்புக் கம்பியை மாட்டினால் கரண்ட் கடல்நீரில் கசிந்து, படகின் அடியில் கடல்நீரைத் திறந்து மூடும் வெண்கல வால்வைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். ஒரு நாள் வால்வு உடைந்து கடல் உள்ளே வரும். அண்ணி மூன்று வாரம் இதையெல்லாம் படித்து, கம்பியின் பருமனைக் கணக்குப்போட்டு, அப்புறம்தான் இடுக்கியைக் கையில் எடுத்தாள். விளக்கு, ரேடியோ முதலான எட்டுக் கருவிகளுக்காக இரண்டு பேட்டரி. பெட்டிக்குள் வைத்து, ஆடாமல் வார் போட்டு இறுக்கி, ஒரு சாண் தூரத்திலேயே பியூஸ் வைத்தாள்.

பரிசோதகர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். பேட்டரியை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. கம்பிகளின் முனைகளைச் சுண்டி இழுத்தார், ஒன்றும் கையோடு வரவில்லை. எட்டுக் கருவிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார், எட்டும் வேலை செய்தன. படிவத்தில் 'வேலை முழுவதும் சரிபார்க்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே அண்ணியைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அடுத்து அவர் போட்டார். சுத்தமான வேலை என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினார்.

நாத்தனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்போதே போய்ப் பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவர் மூக்குக்கு முன்னாலும் அந்தப் படிவத்தை ஆட்ட வேண்டும்போல இருந்தது. அண்ணன்கூட, தன் பெண்டாட்டியாயிற்றே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

அண்ணி மட்டும் இன்னும் செப்புப் பட்டைக்கு முன்னால் குந்தியிருந்தாள். வேலை முடிந்து மூடியைப் போடும் முன் கம்பிகளை எண்ணுவது அவள் வழக்கம். நேற்று பொழுது போய்விட்டதால் எண்ணாமல் விட்டிருந்தாள். இப்போது ஒரு தடவை எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு, கருவி எட்டு, பட்டையில் கறுப்புக் கம்பி ஏழுதான் இருக்கிறது என்றாள்.

எங்கே போயிற்று என்பது அவளுக்கே உடனே தெரிந்துவிட்டது. படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பு. நேற்று சாயங்காலம் படகின் அடிவயிற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு அதை மாட்டினாள். கை எட்டும் தூரத்தில் வெண்கல வால்வு. கறுப்புக் கம்பியை அதிலேயே முடுக்கிவிட்டாள், லாரியில் செய்கிற மாதிரி. வால்வு அரிக்காமல் இருக்க அதிலிருந்து என்ஜினுக்கு ஏற்கெனவே ஒரு காப்புக் கம்பி போவதால் பம்பு ஓடிவிட்டது. ஓடியதால் பரிசோதகருக்கும் தெரியவில்லை.

அண்ணன் எட்டிப் பார்த்தான். பரிசோதகர் கேட்டை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தார். "அவர் போகட்டும். அஞ்சு நிமிஷ வேலைதானே, அப்புறம் மாத்திடு" என்றான்.

உண்மையைச் சொன்னால், நாத்தனாரின் நாக்கு நுனியிலும் அதே வார்த்தைதான் இருந்தது. சொல்லியும் இருப்பாள். அதற்குள் அண்ணி விறுவிறுவென்று ஏணியில் இறங்கிவிட்டாள்.

நாத்தனாருக்கு அப்போது வந்த கோபத்துக்கு அளவில்லை. கிரேன் போச்சு, நாற்பது நாள் போச்சு. பட்டறையில் இத்தனை நாள் பேசிய பேச்சுக்கெல்லாம் இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது? இந்த மனுஷிக்கு ஒரு அஞ்சு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதா, மற்ற நேரமெல்லாம் மூடிக்கொண்டுதானே இருக்கிறாள் என்று கொதித்துக்கொண்டே அவளும் பின்னால் ஓடினாள்.

அண்ணி கேட்டுக்கு உள்ளேயே பரிசோதகரை நிறுத்தி, சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொல்லிவிட்டாள். லாரிப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது என்றாள். சுற்றி நின்ற பட்டறைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பரிசோதகர் அவளையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் போனப்புறம் மாத்தியிருக்கலாமேம்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"கையெழுத்து போட்டுட்டேனே சார். அது பொய்யா இருக்கக் கூடாதில்ல."

நாத்தனாரின் கோபம் போன இடம் தெரியவில்லை. இத்தனை நாளாக அண்ணியின் கைவேலையைப் பற்றித்தான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். பெருமைப்பட வேண்டியதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். படகு கட்டை மேலேயே கிடந்தால் கிடக்கட்டும் என்று அந்த நிமிஷம் அவளுக்கு நிஜமாகவே தோன்றியது.

பரிசோதகர் கேட்டைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். "நான் இன்னும் கேட்டத் தாண்டல. அதனால பரிசோதனை இன்னும் முடியல. வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அண்ணி மறுபடி குப்புறப் படுத்தாள். நாத்தனார் அவளுக்கு எதிரே தலையோடு தலை இடிக்கப் படுத்து டார்ச் பிடித்தாள். கம்பியை வால்விலிருந்து கழற்றி, புது முனை அழுத்தி, பட்டைவரை கொண்டுவந்து எட்டாவது திருகில் முடுக்கினாள் அண்ணி. பரிசோதகரும் தன் நல்ல பேண்ட்டைப் பற்றிக் கவலைப்படாமல் படுத்துப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து, முதலில் பார்த்தபோது தானும் கோட்டை விட்டுவிட்டதாக எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டார். புதுப் படிவம் எடுத்தார். அதில் 'குறை கண்டவர்' என்று ஓர் இடம், 'குறை தீர்த்தவர்' என்று ஓர் இடம். இரண்டிலும் அண்ணியையே கையெழுத்துப் போடச் சொன்னார். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு இடத்திலும் ஒரே கையெழுத்தைப் பார்த்ததில்லை என்றார். ஏணிக்குக் கீழே நின்ற பட்டறை எலக்ட்ரீஷியன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

போகிறபோது பரிசோதகர் கொஞ்சம் தயங்கினார். கடைசி வரிசையில் நிற்கும் படகு அவருடையதாம். விளக்கெல்லாம் மினுக்கிக்கொண்டே இருக்கிறதாம். நாளைக்கு வந்து பார்க்க முடியுமா என்று அண்ணியைக் கேட்டார்.

அண்ணி வாயைத் திறக்கும் முன் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"நாளைக்கு முடியாது சார். நாளைக்கு எங்க அண்ணி என்கூடப் படகுல வர்றாங்க. முதல் ஓட்டமே அவங்களோடதான்."

அண்ணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தனக்கு நீச்சல் ஒரு கை கூடத் தெரியாது, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லை என்றாள். அண்ணனும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான்.

"நீங்க செஞ்ச வேலை அண்ணி. உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

அண்ணி பேட்டரிப் பெட்டியைப் பார்த்தாள். அதன் வாரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். மூடியைப் போட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"லைஃப் ஜாக்கெட் என் அளவுல இருக்கா?" என்று கேட்டாள்.