தனபாக்கியம் பாராட்டிய மிஷின்

உலகநாதனுக்குக் காது போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. விசைப்படகில் இஞ்சின் ஓட்டிய மனிதர். பாதி ஆயுசை அந்த டீசல் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே கழித்தார். அது அவரைக் கரைக்கு அனுப்பும்போது காதைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியது. கீழத்துறையில் எல்லாரும் அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள். அதற்கு அவசியமே இல்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

காது போன கொஞ்ச நாளிலேயே அவருக்கு வாயசைவு பிடிபட்டுவிட்டது. எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்தால் போதும், பேச்சு முழுசாக வந்துவிடும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அவருக்கென்ன பைத்தியமா? செவிடன் முன்னால் ஊர் மனம்விட்டுப் பேசுகிறது. எவன் ஐஸ் பெட்டியில் நேற்றைய மீனைக் கலக்கிறான், எவள் மாமியாருக்குத் தெரியாமல் பட்டுக்கோட்டையில் படம் பார்த்தாள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் கேட்காது. சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் எப்படியோ தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேடிக்கை அவர் மனைவி தனபாக்கியம். மீன்கூடைக்காரி. எதையும் நல்லதென்று ஒப்புக்கொள்ளாத வாய் அவளுடையது. வஞ்சிர மீனை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளிப்பாள், கோயில் பொங்கலில் உப்பில்லை என்பாள். அதனாலேயே மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் மாடு பார்க்கப் போனாலும் ஊரார் அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவள் "பரவால்ல" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம். புருஷனை வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுப் பெண்களிடம் அவரைத் தாளித்துக் கொட்டுவாள். கேட்காதென்று அவளுக்கு அத்தனை நம்பிக்கை. உலகநாதன் பிள்ளையார் மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் வயதில் ஒரு மனிதனுக்கு இதைவிட நிம்மதியான வாழ்க்கை அமையாது.

இந்த நிம்மதிக்கு வேட்டு வைத்தது டிவி. டிவியை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. கேபிளுக்கு நாம்தான் கட்ட வேண்டும். தனபாக்கியம் கட்டியிருந்தாள். அதனால் சாயங்காலமானால் அக்கம்பக்கத்துப் பெண்கள் சீரியல் பார்க்க அவள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சீரியலுக்கு முன்னால் சாமான் விற்கிற நிகழ்ச்சி ஒன்று வரும். காதில் மாட்டிக்கொள்கிற ஒரு மிஷின். மாட்டினால் எறும்பு நடக்கிற சத்தம் கேட்குமாம். பத்து நிமிஷத்துக்குள் போன் செய்தால் ஒன்றுக்கு இரண்டு கிடைக்குமாம். அந்தப் பத்து நிமிஷம் பொங்கலன்று ஆரம்பித்தது, சித்திரை பிறந்தும் முடிந்தபாடில்லை.

தனபாக்கியம் ஊருக்குத் தெரியாமல் அதை ஒருதரம் வாங்கி, புருஷன் காதில் மாட்டிப் பார்த்திருந்தாள். 'கீ' என்று மண்டைக்குள் ஊசி இறங்கியதுதான் மிச்சம். உலகநாதன் பிடுங்கி எறிந்தார். தான் ஏமாந்த கதையை வெளியே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம், தனபாக்கியம் சந்தையிலிருந்து இன்னும் திரும்பாத நேரம், அந்த நிகழ்ச்சியில் அவள் முகமே வந்தது. திரை முழுக்க முகம். பின்னால் பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு. மிஷின்காரர்கள் வேன் போட்டுக்கொண்டு படம் பிடிக்க வந்திருக்க வேண்டும். இவள் கருவாட்டுக் கூடையோடு போனவள் மைக்கைப் பிடுங்கிவிட்டாள் போலிருக்கிறது. உலகநாதன் அவள் உதட்டைப் பார்த்தார்.

"நாசமாப் போறவனுவளா! எறும்பு நடக்குறது கேக்கும்னியளேடா! என் புருஷன் காதுல விசிலுதான்டா ஊதுச்சு! போனு போட்டா 'உங்கள் அழைப்பு முக்கியம்'ங்குறா ஒருத்தி. முக்கியம்னா எடுத்துப் பேச வேண்டியதுதானே?"

உலகநாதன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். சபாஷ், நம்ம வீட்டு வாய் இன்றைக்கு ஊரெல்லாம் கேட்கிறது என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் உதடு மேலும் அசைந்தது.

"இந்த மனுசன ஆயுசுக்கும் திட்டியே தீத்துட்டேன். காது கேட்டுச்சுன்னா நல்ல வார்த்த நாலு சொல்லலாம்னுதான்டா இத வாங்குனேன். அதுலயும் மண்ணப் போட்டியேடா, பாவி!"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்த நாலு வார்த்தையும் என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே திரும்பினால், பக்கத்து வீட்டு நீலாயதாட்சி கையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியளாடி? எறும்பு சத்தம் கேக்குதாம், இவரு காது குணமாயிருச்சாம்! தனபாக்கியம் அக்கா வாயாலயே சொல்லுது! அது எதையாச்சும் நல்லாருக்குன்னு சொல்லி நீ பாத்திருக்கியா?"

உலகநாதனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாய் தனபாக்கியத்தினுடையது. குரல் வேறு எவளுடையதோ. திட்டை அழித்துவிட்டுப் பாராட்டை ஒட்டியிருக்கிறார்கள். டப்பிங் விளம்பரத்தில் வாயும் பேச்சும் ஒத்துப்போய் யார் பார்த்தது? குரல் அவளுடையது மாதிரி இல்லையே என்று ஒருத்தி இழுத்ததற்கு, "மைக்குல பேசுனா அப்புடித்தான்டி இருக்கும்" என்று நீலாயதாட்சி முடித்துவிட்டாள். "இவரப் பாரு, காது கேக்குறத மறைச்சு வச்சிருக்காரு!" என்று யாரோ அவரைக் கிள்ளவும் செய்தார்கள்.

அப்போதே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் 'உமக்கு எப்படித் தெரியும்' என்ற கேள்வி வரும். பன்னிரண்டு வருஷத்து நிம்மதி அதோடு போச்சு. உலகநாதன் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

தனபாக்கியம் சந்தையிலிருந்து வருவதற்குள் பாதி ஊர் போன் போட்டு முடித்திருந்தது. மிஷின்கள் தபாலில் வந்து இறங்கின. புகார்களும் கூடவே இறங்கின. நீலாயதாட்சியின் மாமியாருக்கு எறும்பு நடக்கிற சத்தம் கிடக்கட்டும், மருமகள் கத்துகிற சத்தமே கேட்கவில்லை. ஆனால் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் இலங்கை ரேடியோ கேட்டதாம். இன்னொரு வீட்டுக் கிழவர் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் அந்த விசிலுக்கு நாயெல்லாம் பின்னாலேயே போயிற்று. கம்பெனிக்குப் போன் போட்டால் அதே குரல், அதே 'முக்கியம்'. யாரைப் பிடிப்பது? கையில் அகப்பட்டவள் தனபாக்கியம்தான்.

"அவனுவகிட்ட எவ்வளவு காசுக்கா வாங்குன?" என்று வாசலில் வந்து நின்று கேட்டாள் நீலாயதாட்சி.

"அது என் கொரலே இல்லடி! நான் திட்டுனேன்டி அவனுவள!"

"வாய் ஒன்னோடதுதானே? நாங்க என்ன குருடா?"

தனபாக்கியம் முற்றத்தில் போய் உட்கார்ந்தாள். யாரையும் திட்டாமல் அவள் அப்படி உட்கார்ந்ததை உலகநாதன் கல்யாணம் ஆனதிலிருந்து பார்த்ததில்லை.

விவகாரம் இதோடு நிற்கவில்லை. ஊர்ப் பெண்கள் கருவாடு காயப்போடுகிற திடலைச் சுற்றி இறால் பண்ணைச் செல்லத்துரை முள்வேலி போட்டிருந்தான். ஆட்சி மாறினால் அவன் காரில் கொடி மட்டும் மாறும், கார் அதே வேகத்தில்தான் போகும். ஏழு வருஷத்துக்கு முன்பே திடலைக் கிரயம் வாங்கி அப்போதே வேலி போட்டுவிட்டதாக மனுக் கொடுத்திருந்தான். மறுநாள் தாசில்தார் ஊர்க்கூடத்தில் விசாரணைக்கு வருகிறார். ஊருக்காகச் சாட்சி சொல்லப்போவது தனபாக்கியம்தான். கூட்டிச் சொல்லவோ குறைத்துச் சொல்லவோ தெரியாதவள் என்று அவளைத்தான் நிறுத்தியிருந்தார்கள்.

விசாரணையில் அவள் எழுந்து, "போன பொங்கல் வரைக்கும் நாங்க அங்கதாங்க காயப்போட்டோம், அப்ப வேலியே கெடயாது" என்றாள். செல்லத்துரை எழுந்து போய் ஊர்க்கூடத்து டிவியைப் போட்டான். அந்தச் சானலில் அந்த நிகழ்ச்சி ஓடாத நேரம் ஏது? கொஞ்சத்தில் தனபாக்கியம் முகம் வந்தது.

"இந்தம்மாதாங்க சாட்சி" என்றான் செல்லத்துரை. "காசு வாங்கிக்கிட்டுப் புருஷனுக்குக் காது கேக்குதுன்னு ஊரையே ஏமாத்துனவங்க. புருஷன் அங்கதான் இருக்காரு, கூப்புட்டுப் பாருங்க."

தாசில்தார் பின்பக்கமிருந்து ஒரு சத்தம் கொடுத்தார். உலகநாதன் திரும்பவில்லை. நீலாயதாட்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாசில்தார் பேனாவை மூடினார். தனபாக்கியம் நின்ற இடத்திலேயே சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு நின்றாள். மீன் விலைக்கு மல்லுக்கு நிற்கிற கை அது. இனியும் உட்கார்ந்திருந்தால் தான் மனிதனே இல்லை என்று உலகநாதனுக்குத் தோன்றியது. போனால் போகட்டும் நிம்மதி.

"சார், சத்தத்த சுத்தமாக் கொறைங்க" என்று எழுந்தார். "என் பொண்டாட்டி அங்க என்ன பேசுறான்னு நான் சொல்றேன்."

அவள் முகம் மறுபடி வந்தபோது டிவி ஊமையாக இருந்தது. உலகநாதன் பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் உதடு அசைய அசைய, "நாசமாப் போறவனுவளா!" என்று தொடங்கினார். விசில் வந்தது, போன்காரி வந்தாள். கை ஆட்டம் முதற்கொண்டு அச்சாகப் பொருந்தியது. சனம் முதலில் வாயைப் பிளந்தது, பிறகு விழுந்து விழுந்து சிரித்தது. "ஆமா, இதுதான் அக்கா பேச்சு!" என்று நீலாயதாட்சி எழுந்தேவிட்டாள்.

'இந்த மனுசன' என்கிற இடம் வந்தது. உலகநாதன் நிறுத்திக்கொண்டார்.

"இன்னும் வாய் அசையுதே?" என்று எழுதிக் காட்டப்போன தாசில்தார், பிறகு நினைவு வந்தவராக வாயாலேயே கேட்டார்.

"அது விசாரணைக்குச் சம்பந்தம் இல்லாததுங்க."

தனபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறாருங்க" என்று செல்லத்துரை கத்தினான். தாசில்தார் கொஞ்சம் குறும்புக்காரர். அவனையும் அவன் கணக்குப்பிள்ளையையும் தூரத்தில் இருக்கும் தென்னைமரத்தடிக்கு அனுப்பி, நான் கூப்பிடும்வரை பேசிக்கொண்டிருங்கள் என்றார். உலகநாதனை வாசலில் நிறுத்தி, "என்ன பேசுறாங்க?" என்று கேட்டார்.

உலகநாதன் கண்ணை இடுக்கினார். "'செவிட்டுப் பயலுக்கு இவ்வளவு தூரத்துல என்ன தெரியப் போவுது'ங்குறாருங்க. கணக்குப்பிள்ளை, 'வேலிக்கு முள்கம்பி வாங்குன பில்லு இந்த மாசித் தேதியில இருக்கு, அத மொதல்ல கிழிக்கணும்'ங்குறாரு. 'கிழிக்காம என்னடா பண்ணுன மடையா'ன்னு இவரு திட்டுறாரு."

தாசில்தார் உடனே ஆள் அனுப்பினார். கணக்குப்பிள்ளையின் பையில் பில் இருந்தது. அதோடு செல்லத்துரையின் ஏழு வருஷம் இரண்டு மாசமாகச் சுருங்கியது. கிரயப் பத்திரத்தைத் தனியாக விசாரிக்கிறேன், அதுவரை வேலியைப் பிரியுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். அன்று மாலைக்குள் ஊரே சேர்ந்து வேலியைப் பிரித்துவிட்டது.

தனபாக்கியம் முன்னால் நடந்தாள். உலகநாதன் நாலடி பின்னால் போனார். தெருமுனையில் அவள் திரும்பி நின்றாள். குரல் எடுக்காமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"எத்தன வருஷமா?"

"பன்னெண்டு" என்றார் உலகநாதன்.

பன்னிரண்டு வருஷத்தில் இந்த மனிதன் முகத்துக்கு நேரே என்னென்ன பேசியிருக்கிறோம் என்று அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. உலகநாதன் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். அவள் விடுக்கென்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் பேசத் தொடங்கினாள். தலை ஆடியது, தோள் ஆடியது, ஒருதரம் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிறுத்தாமல் பேசினாள். உலகநாதனுக்கு அவள் கொண்டைதான் தெரிந்தது. பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். அவளும் சேர்ந்தே திரும்பிக்கொண்டாள்.

எதிரே நீலாயதாட்சி வேலிக்கம்பு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். தனபாக்கியம் பேசியது அவள் காதில் விழுந்தது. கம்பைக் கீழே போட்டுவிட்டாள்.

தனபாக்கியம் வீட்டைப் பார்த்து நடந்ததும் உலகநாதன் ஓடிப் போய், "என்ன தாயி சொன்னா?" என்று கேட்டார். நீலாயதாட்சி அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அவர் முன்னால் தான் பேசியதெல்லாம் அவளுக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பை எடுத்து வாயை நன்றாகப் பொத்திக்கொண்டு, தலைப்புக்குள்ளேயே எல்லாவற்றையும் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. தனபாக்கியம் திட்டி நீலாயதாட்சி கேட்காததா? அதற்கெல்லாம் அவள் கம்பைக் கீழே போடுகிறவள் இல்லை. உலகநாதன் அந்தக் கம்பை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, சிரித்தபடி வீட்டுக்கு நடந்தார்.