ஆயம்மாள் யாரையும் ஆதரிக்கவில்லை

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. ஊத்துக்குளியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரராக வாய்த்த ஆடிட்டர் சுப்பண்ணன் சொன்னது. ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொன்னதால் சில இடங்களை விழுங்கிவிட்டார். அவற்றை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: வருமான வரிச் சட்டத்தின்படி அறக்கட்டளை எனப்படுவது யாதெனில்...

நீங்கள் பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. விட்டுவிட்டேன்.

2

தொண்ணூற்றாறாம் வருடத் தேர்தல் சமயம். பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச் செல்ல முதலிபாளையத்தில் ஒரு காப்பகம் இருந்தது. அதை நடத்திய அறக்கட்டளைக்கு ஆயம்மாள் செயலாளர். (முதல் பிரதியில் அவளைச் சாதுவாக எழுதியிருந்தேன். அது எடுபடவில்லை. பிள்ளைகள் அழுதால் அவர்களைவிடச் சத்தமாகப் பாடி அடக்குகிறவளாம்.)

காப்பகத்துக்குப் பெரிய நன்கொடையாளர் கம்பெனி முதலாளி ராசப்பன். அந்த முறை அவருடைய தம்பி தேர்தலில் நின்றார். (கட்சிப் பெயர் வேண்டாம். எழுதினால் பாதிப்பேர் கதையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருவீர்கள்.) காப்பகத்தின் ஆண்டு விழாவில் தம்பி மேடை ஏறுவார், அவருக்காக ஆயம்மாள் நாலு வார்த்தை பேசினால் போதும் என்று ராசப்பன் சொல்லியனுப்பினார்.

ஆயம்மாள் அறக்கட்டளையின் கணக்கைப் பார்த்துவந்த சுப்பண்ணனிடம் ஓடினாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். தேர்தலில் ஒருவருக்காகப் பேசினால் அது தருமமில்லை, கட்சி வேலை என்று வருமான வரிக்காரர்கள் சொல்லிவிடலாம். வரிவிலக்கு போனால் மற்ற கம்பெனிகளும் நன்கொடையை நிறுத்திவிடும் என்றார். பேசாவிட்டாலோ ராசப்பன் நிறுத்திவிடுவார். எப்படிப் பார்த்தாலும் காப்பகத்துக்குப் பூட்டுதான்.

"ஒருத்தருக்குன்னு மேடை போடக் கூடாதுங்க," என்றார் சுப்பண்ணன்.

ஆயம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எல்லாருக்கும் போடலாமுங்களா?"

3

இந்த இடத்தில் ஒரு மோதல் தேவை என்று, ராசப்பன் நாற்காலியை எட்டி உதைத்து...

இல்லை. அவர் ஆண்டு விழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாராம். மேடையில் தம்பிக்குப் பக்கத்தில் எதிர்க்கட்சி வேட்பாளரும், அதுவரை எந்த மேடையிலும் நாற்காலி கிடைக்காத சுயேச்சைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் நல்லான் என்பவர் புதுச்சட்டை போட்டு, மனைவி மக்களோடு வந்திருந்தார்.

ஆயம்மாள் யாரையும் புகழவில்லை. மைக்கைத் தாய்மார்களிடம் கொடுத்தாள். தெற்கேயிருந்து பிழைக்க வந்த செல்லத்தாய் எழுந்தாள்.

"ஷிப்மெண்ட் நேரத்துல வேல முடிய ராத்திரியாயிருது. காப்பகத்த ஆறு மணிக்கே பூட்டிருதாக. அதுக்கப்புறம் எம்பிள்ளைய யாரு பாப்பா? ஒவ்வொருத்தரும் சொல்லுங்க."

தம்பி அண்ணனைப் பார்த்தார். எதிர்க்கட்சிக்காரர் தண்ணீர் கேட்டார். நல்லானை மனைவி கிள்ளினாள்.

"எங்க ஊட்டுக்காரியும் கம்பெனிக்குத்தானுங்க போறா," என்றார் அவர். "எனக்கும் தெரியலீங்க."

கூட்டம் கைதட்டியது. தம்பிக்கு அந்தக் கைதட்டல் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கி, ஷிப்மெண்ட் நாட்களில் காப்பகத்தை இரவும் நடத்தும் செலவு தன் அண்ணன் கம்பெனியுடையது என்று அறிவித்துவிட்டார். அண்ணனைக் கேட்கவேயில்லை. அத்தனை பேர் எதிரில் ராசப்பனால் மறுக்கவும் முடியவில்லை. அந்த மாதமே காப்பகத்தில் இரவிலும் தொட்டில்கள் ஆடின. காப்பகத்தின் வரிவிலக்குக்கும் ஒரு கீறல் இல்லை.

4

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் விழா முடிந்ததும் செல்லத்தாய் ஆயம்மாளிடம் வந்து, யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று கேட்டிருக்கிறாள். சுப்பண்ணன் பலமாக இருமினார். ஆயம்மாள் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, கேட்டைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, எதிர் டீக்கடைக்குப் போய் நின்றாள்.

"உள்ள இருந்தா நான் செயலாளர், கண்ணு," என்று கேட்டுக்கு உள்ளே நின்ற சுப்பண்ணனுக்கும் கேட்கும்படி சொன்னாள். "இங்க வெறும் ஆயம்மா."

பிறகு ஒரு பெயரைச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்தபடி குறுக்கே போனது. அது போனபின் தெரிந்ததெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள்தான்.

நல்லானின் பெயரை எழுதிப் பார்த்தேன், சினிமாவாகிவிட்டது. தம்பியின் பெயரைப் போட்டால் ஆயம்மாள் என்னை மன்னிக்கமாட்டாள், அல்லது அதுதான் சரியோ என்னவோ. எதிர்க்கட்சிக்காரர் என்றால்...

தெரிந்தே ஆகவேண்டும் என்றால் நீங்களே ரோட்டைக் கடந்து போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். நானும் சுப்பண்ணனும் கேட்டுக்கு உள்ளேயே நிற்கிறோம்.