காற்றுக்குத் திறந்த ஜன்னல்

சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் ஏறிக்கொண்டே இருந்தது. தவானாவுக்குப் புரியாதது இதுதான்.

அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்தில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் நூறு வயது தாண்டியவை. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும். அதனால் குடித்தனம் மாறும்போதெல்லாம் வீட்டைச் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். தவானா வருமுன் வீட்டுக்காரர் கெர்லாக் அதைச் செய்தார். உரிந்த இடங்களைச் சுரண்டி, புதுப் பெயிண்ட் அடித்து, தரையைக் கழுவி வைத்தார். தூசி எடுத்துப் பார்த்ததில் வீடு தேறிவிட்டது. மரத்தோடு ஒட்டிக்கிடக்கும் பெயிண்ட் பெரும்பாலும் சும்மா இருக்கும். தூசியானால் அது விஷம்; வயிற்றுக்குள் போனால் சின்னப் பிள்ளைகளின் மூளையையும் பேச்சையும் கெடுக்கும்.

தவானாவின் மகன் மைக்காவுக்கு இரண்டு வயது. "ஜூஸ்" என்று கேட்டுக்கொண்டிருந்தவன், இப்போது கையை மட்டும் நீட்டினான்.

சுகாதாரத் துறையிலிருந்து ஓபல் என்ற பெண் சோதிக்க வந்தாள். கெர்லாக்கும் கூடவே வந்தார்.

"வெளியில மண்ணைத் தின்னிருப்பான் மேடம். இவ வீடு கூட்டுற லட்சணம் எனக்குத் தெரியாதா?"

"தினம் ஈரத்துணி போட்டுத் தரையைத் துடைக்கிறேன் சார். சந்தேகமா இருந்தா நக்கிப் பாருங்க."

"நக்கத்தான் உன் பையன் இருக்கானே."

ஓபல் சிரிக்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போனாள். அதை ஒட்டியே மைக்காவின் கட்டில் கிடந்தது.

"இதை யாரும்மா திறப்பா?"

"நான்தான். தினம் காலையில. பெயிண்ட் வாசனை புள்ளைக்கு ஆகாதுன்னு."

"ஒருதரம் திறங்க."

மேலே ஏற்றித் திறக்கும் ஜன்னல் அது. தவானா கண்ணாடிச் சட்டத்தை மேலே தள்ளினாள். அது கிறீச்சென்று முரண்டுபிடித்து ஏறியது. சட்டம் வந்து உட்காரும் அடிப்பள்ளத்தை ஓபல் ஈரத்துணியால் துடைத்தாள். சாம்பல் நிறத்தில் மாவு ஒட்டி வந்தது.

"புதுப் பூச்சு ஏறுனதால சட்டம் தடிச்சுப்போச்சு. ஏத்தி இறக்கும்போது மரத்தோட மரம் தேயுது. மேல் பூச்சு போய் அடியில இருக்கிற பழைய பெயிண்ட் அரைபடுது. காத்து அதை உள்ள தள்ளுது. புள்ள பள்ளத்தில கைவச்சு வெளிய வேடிக்கை பார்ப்பான், அதே கையை வாயில வைப்பான்."

தவானாவின் கை இன்னும் சட்டத்தைப் பிடித்திருந்தது. "அப்போ நான் திறக்கத் திறக்க..."

"கேட்டுக்கிட்டீங்களா மேடம்?" என்றார் கெர்லாக். "பெத்தவளே அரைச்சு ஊட்டியிருக்கா. வீடு என்ன பண்ணும்?"

"ஜன்னல்னா திறப்பாங்க சார். உரசுற இடத்தைப் பூசி மறைச்சது நீங்க. நீங்கதான் மாத்தணும்" என்றாள் ஓபல்.

"போன பேச்சு திரும்ப வருமா?" என்றாள் தவானா.

"ரத்தத்தில இருக்கிறது மெல்ல இறங்கும். பேச்சுக்கு என்னால வாக்கு குடுக்க முடியாதும்மா."

"அடுத்த தடவை பிள்ளைகுட்டி இல்லாதவங்களாப் பார்த்து வாடகைக்கு விடணும்" என்றபடி கெர்லாக் படியிறங்கினார்.

ஆனாலும் துறையின் உத்தரவை அவரால் மீற முடியவில்லை. தாயையும் பிள்ளையையும் வேறு இடத்தில் வைத்துவிட்டு, பழைய சட்டங்களைக் கழற்றிப் புது ஜன்னல் பொருத்தினார்கள். மிஞ்சிய பழைய மரத்தைத் தகட்டால் மூடினார்கள். நுண்தூசியை உறிஞ்சி, ஈரத்துணியால் துடைத்து, பள்ளத்திலிருந்தே மறுபடி தூசி எடுத்துப் பார்த்தார்கள். ஈயம் அளவுக்குள் இருந்தது. பழைய பெயிண்ட் உள்ள மரம் எதோடும் உரசாமல் பார்த்துக்கொண்டால் தூசி வராது.