கலர் பத்தாத வெள்ளி

ஒரு கிலோ பச்சைக் கொழுந்தை விற்ற காசில் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்க முடியாது என்று ஆகிவிட்ட வருஷத்தில், மருதாசலம் தன் டீ பாக்டரியில் வெள்ளி காய்ச்ச முடிவு செய்தார். கோயம்புத்தூரில் ஏதோ கருத்தரங்கு. மதியச் சாப்பாடு நன்றாக இருந்ததால் கடைசிவரை உட்கார்ந்துவிட்டார். தேயிலைச் சாற்றையும் வெள்ளி உப்பையும் கலந்தால் கண்ணுக்கே தெரியாத நானோ வெள்ளித் துகள் பிறக்கும், அதைத் துணியில் ஏற்றினால் வியர்வை நாறாது என்று மேடையில் யாரோ சொன்னார்கள். திரும்பி வருகையில் பர்லியாறு தாண்டுவதற்குள் இவர் பாதிக் கோடீஸ்வரர் ஆகிவிட்டார்.

அதற்காக வேலைக்கு வந்தவள்தான் கோகிலவாணி. சேரம்பாடி எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண். கெமிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக். எட்டு மாதமாகத் தற்காலிகம். ஆர்டர் ஒன்று பிடிபட்டால் வேலை நிரந்தரம், பாக்டரிக்குப் பின்னால் ஒரு குவார்ட்டர்ஸும் உண்டு. அவளுக்கு வெள்ளியைவிட அந்தக் குவார்ட்டர்ஸ் மேல்தான் கண். அம்மா தெய்வம்மா மார்ச்சோடு எஸ்டேட்டில் ரிட்டையர் ஆகிறாள். கொழுந்து பறிக்கிற கை நின்றால் லயத்து வீட்டையும் காலி பண்ணிவிட வேண்டும். எஸ்டேட் சட்டம் அப்படி. அதில் மட்டும் யாருக்கும் மறதி வராது.

முதல் முயற்சி மருதாசலத்தின் சொந்த மூளை. கோகிலவாணி நூறு மில்லி பீக்கரில் செய்து காட்டியதைப் பார்த்தார். எல்லாவற்றையும் பத்தாயிரத்தால் பெருக்கி ஆயிரம் லிட்டர் தொட்டியில் கொட்டினார். பெருக்கல் சரிதான். வெள்ளிக்குத்தான் வாய்ப்பாடு தெரியவில்லை. தொட்டியின் நடுவில் இருந்தது உடனே கலந்தது. ஓரத்தில் இருந்தது டீ டைம் முடிந்து வந்து கலந்தது. முன்னால் பிறந்த துகள் மேல் பின்னால் பிறந்தது ஏறி, கல்யாணப் பந்தி வாசல் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று அப்பிக்கொண்டு, சாயங்காலம் தொட்டி அடியில் கறுப்புச் சேறு.

அப்புறம் ஆறு மாதம் மல்லுக்கட்டி அவள் ஒரு ரியாக்டர் செய்தாள். இரண்டு ஸ்டீல் தகடு, உள்ளே நூல் அகலத்துக்கு வாய்க்கால்கள். ஒரு பக்கம் சாறு வரும், இன்னொரு பக்கம் உப்பு வரும். இரண்டும் கண்ணிமைப்பதற்குள் முழுசாகக் கலந்து, சூடேறி, துகளாகி வெளியே வந்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள அவகாசமே கிடையாது. விடாமல் ஓட்டினால் ஆயிரம் லிட்டரும் வரும்.

மருதாசலம் அதை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். ஒரு சுற்றே அதிகம்.

“ஏனுங்க வாணி, உற்பத்தியப் பெருசு பண்ணச் சொன்னா மெசினச் சிறுசு பண்ணி வெச்சிருக்கறீங்க. டிபன் கேரியர்ல ரெண்டு தட்டு களவு போன மாதிரி இருக்குதுங்க.”

“பத்தலைன்னா இதே மாதிரி பத்து வெச்சுக்கலாம் சார். தொட்டியைத்தான் பெருசாக்கக் கூடாது.”

வெளியே வந்த திரவத்தை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து, டீயைப் பார்ப்பது போல ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். தேன் மஞ்சள்.

“கலர் பத்தாதுங்க.”

“மஞ்சளா இருந்தாத்தான் சார் துகள் சின்னது. கறுத்துப் போச்சுன்னா எல்லாம் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம்.”

உப்பைக் குறைக்கச் சொல்லும் டாக்டருக்குத் தலையாட்டுவது போல ஆட்டிவைத்தார்.

திருப்பூரிலிருந்து சுவிசேஷமுத்து வருகிற நாள். பனியனும் சாக்ஸும் தயாரிப்பவர். காலையில் கோகிலவாணி வந்து பார்த்தால், அவள் பிடித்துவைத்த நாற்பது லிட்டர் கேன் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. பக்கத்தில், பாக்டரியில் டீத்தூள் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் செல்லையா, பிள்ளை பெற்றவர் மாதிரி நின்றார்.

“யாருண்ணே இதைத் தொட்டது?”

“மொதலாளிதான் கொஞ்சம் ஏத்திவிடச் சொன்னாரு புள்ள. உப்பு ரெண்டு கை, சாறு ஒரு வாளி. விடிய விடிய ஊறவிட்டேன். கண்டியில பழகின கை, சும்மாவா?”

“கெடுத்துட்டீங்களேண்ணே!”

“முப்பது வருசமா இந்தக் கலருக்குத்தான் எனக்கு போனஸ் குடுத்தாங்க.”

பேசிப் பயனில்லை. ரியாக்டரைப் போட்டாள். கேட்டில் கார் ஹாரன் அடிப்பதற்குள் ஒரு கிண்ணம் மஞ்சள் தயார்.

டீ ருசி பார்க்கும் மேஜையில் இரண்டு கிண்ணங்கள். மருதாசலம் பழக்கதோஷத்தில் ஸ்பூனை எடுத்து, அவசரமாகக் கீழே வைத்தார். சுவிசேஷமுத்து வெள்ளைப் பனியன் துணியை விரித்து இரண்டையும் ஊற்றினார். மஞ்சள் சத்தமில்லாமல் துணிக்குள் இறங்கியது. கறுப்பு, துணி மேல் பொடியாகத் தங்கியது.

“கறுப்பு கெட்டுப்போன சரக்கு சார்,” என்றாள் கோகிலவாணி. “மஞ்சள்தான் சரியானது.”

மருதாசலம் இருமினார். அந்த இருமலில் குவார்ட்டர்ஸ் ஒருமுறை ஆடியது.

“துணியில நிக்குமாம்மா?” என்றார் சுவிசேஷமுத்து.

“மஞ்சள் அம்பது துவையல் தாங்கும். கறுப்பு முதல் துவையல்லயே போயிரும்.”

சுவிசேஷமுத்து அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “அம்பது துவையல் தாங்குச்சுன்னா அவன் அடுத்த சாக்ஸ் எப்பம்மா வாங்குவான்? கறுப்பைப் பாரு, வெள்ளி போட்டிருக்குன்னு கண்ணுக்குத் தெரியுது. கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் ஞாயித்துக்கிழமை காணிக்கை போடுவேன். சாக்ஸ் வாங்குறவன் போடுவானா?”

ஆர்டர் கறுப்புக்கே போனது. ஒரே ஒரு நிபந்தனை. இன்ஜினியர் கையெழுத்தோடு நானோ அளவு போட்ட ரிப்போர்ட் வேண்டும்.

மருதாசலம் குனிந்து கிசுகிசுத்தார். “மஞ்சளோட ரிப்போர்ட்டையே போட்டுருங்க. இருபது நானோன்னு.”

நானோவில் எண் குறையக் குறையத்தான் சரக்கு உசத்தி. கோகிலவாணி கறுப்பில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். கறுப்பு, மலை மலையாக நின்றது. அம்மாவின் மூட்டை முடிச்சுகள் நினைவுக்கு வந்தன. கையெழுத்தில் நிற்கப்போகும் தன் பெயரும் நினைவுக்கு வந்து தொலைத்தது. போனால் போகட்டும் என்று கண்ணில் பட்டதையே எழுதினாள்: 20,000 நானோமீட்டர். கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

சுவிசேஷமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“அந்த மஞ்சள் எத்தனைம்மா?”

“இருபது.”

“இது இருபதாயிரமா!” எழுந்தே நின்றுவிட்டார்.

“இல்ல சார், கூடக்கூட மோசம்…”

“தன்னடக்கம் உனக்கு ஜாஸ்திம்மா. மருதாசலம், அட்டையிலேயே போட்டுடறேன். இருபதாயிரம் நானோ பவர்!”

மருதாசலம் அவளைப் புதுசாகப் பார்த்தார். இத்தனை பெரிய எண்ணைத் தன்னிடமே மறைத்து வைத்திருந்தாளே என்ற குற்றச்சாட்டும் அதில் கொஞ்சம் இருந்தது.

சாயங்காலம் வேலை நிரந்தரமான ஆர்டரும் குவார்ட்டர்ஸ் சாவியும் மேஜைக்கு வந்தன. காகிதங்கள் பறக்காமலிருக்க செல்லையா ரியாக்டரைத் துடைத்து அவற்றின் மேல் வைத்திருந்தார். நல்ல கனம்.

“ஏனுங்க வாணி, அடுத்த லோடுக்கு அம்பதாயிரமா ஏத்த முடியுங்களா?”

கோகிலவாணி முதலில் சாவியை எடுத்து ஷால் முனையில் முடிந்துகொண்டாள்.

“முடியும் சார். கலக்கறதை நிறுத்திட்டாப் போதும்.”